ஜிம்மியின் சாக்கு

1997 புரட்டாதி, செவ்வாய் இரவு. அக்கராயன்.

இன்று ஜிம்மி ஊளையிடவில்லை. கிளிநொச்சி வீட்டை விட்டு வந்த நாள் முதல், நான் சைக்கிளைத் தொட்டாலே அந்த நாய் நடுங்கி ஊளையிடும். கயிற்றை அறுத்துக்கொண்டு பின்னால் ஓடி வரும். அதனால்தான் பழக்கத் தொடங்கினேன். பழைய வீட்டுச் சாக்கொன்றை விரித்து, "இரு" என்று சொல்லிவிட்டு, முதலில் வேலிப் படலை வரை சைக்கிளை உருட்டிப் போய் வந்தேன். அசையாமல் இருந்தால் ஒரு துண்டு ரொட்டி. பிறகு கிணற்றடி வரை. பிறகு சந்திக் கடை வரை. இன்று சங்கக்கடை நிவாரண வரிசையில் நின்று மத்தியானம்தான் திரும்பினேன். அவன் சாக்கிலேயே இருந்து வாலை ஆட்டினான். அந்தச் சந்தோசத்தையும் அவனிடமே சொன்னேன். இந்த ஓலைக் கொட்டிலில் என் கதை கேட்க வேறு யார் இருக்கிறார்கள்.

பின்னேரம் பக்கத்துக் கொட்டில் கமலாக்கா வேலியடியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை, இங்காலயும் ஆமியின்ர செல் வந்து விழுமாம். சனம் வெளிக்கிடுது. நீயும் சாமானைக் கட்டி வை."

"நாயை என்னக்கா செய்யிறது?"

"அது உன்ர சைக்கிளுக்குப் பின்னால ஓடி வரும்தானே. போனமுறையும் அப்பிடித்தானே வந்தது."

"ஓம் அக்கா" என்றேன்.

உள்ளே வந்து, ட்ரங்குப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக் கட்டிப் பார்த்தேன். ஜிம்மி எழுந்தான். நடுங்கவில்லை. நான் சொல்லாமலே சாக்கில் போய் இருந்துகொண்டான். சைக்கிளை உருட்டியபடி, "வா ஜிம்மி, வா" என்று கூப்பிட்டேன்.

வாலை ஆட்டினான். அசையாமல் இருந்து, ரொட்டிக்காக என் கையையே பார்த்தான்.