ஜெனுஷனின் சாட்சி

கோப்பாய்,
வியாழன் காலை

அன்பு மகள் ஜெனிற்றாவுக்கு,

ஆண்டவருடைய தயவால் இங்கே மூவரும் சுகம், அங்கே நீயும் மருமகனும் பிள்ளையும் அந்தக் குளிருக்குள் சுகமாயிருக்க வேண்டுகிறோம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. எனக்குத்தான் இந்தக் கிழமை இருப்புக்கொள்ளவில்லை, அதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன்.

போன சனி ஆலய மண்டபத்தில், உன் தம்பி ஜெனுஷனைப் போல ஆட்டிசம் உள்ள ஒரு பெடியனைப் பற்றிய படம் போட்டார்கள். முடிவில் அவன் முதன்முறையாகத் தாயைக் கட்டிப்பிடிக்கிறான், மண்டபமே அழுதது, நானும்தான். வருகிற ஞாயிறு ஆராதனையில் ஆண்டவர் தன் வாழ்வில் செய்ததைத் தம்பி சபைமுன் சாட்சியாகச் சொன்னால் நல்லது என்று போதகர் கேட்டார், மறுத்துப் பேச எனக்கு எங்கே வரும், ஓம் என்றுவிட்டேன். சபையில் கூச்சப்படுகிறவர்களுக்குச் சாட்சி எழுதிக் கொடுப்பது நான்தானே, அந்தப் பழக்கத்தில் இவனுக்கும் எழுதி, திருத்தி, தேத்தண்ணியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டு, படத்திலை அவனை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, தாயைத்தான் கேட்டவை, நீங்களும் என்னைக் கேளாமல் நான் சொல்லுறதை எழுதியிருக்கிறியள் அப்பா என்றான். கட்டிப்பிடிச்சால்தான் அன்போ, அம்மான்ரை முழங்கால் வலிக்கு நேரத்துக்குக் குளிசை குடுக்க நான் ஒருநாளும் மறக்கிறேல்லை, அதை ஏன் ஒருத்தரும் படமா எடுக்கினமில்லை என்றும் கேட்டான். அடுப்படியில் நின்ற அம்மா, உந்தப் படத்துக்கு ஆரடா டிக்கற் எடுப்பினம் என்று கேட்க அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாட்சி சொல்லமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. தன் சொல்லில் சொல்வானாம், கதிரையில் இருந்தபடி, ஒருவரையும் பாராமல், ஒலிபெருக்கியைக் குறைத்துவைத்தால். படத்திலை இருக்கிறது நானில்லை என்றுதான் தொடங்குவானாம். இதைப் போதகருக்குச் சொல்ல வெளிக்கிட்டு அவர் வீட்டுப் படலை வரை போய்த் திரும்பி வந்தேன். சனத்துக்கு மனம் நோகுமோ, இவனைப் பார்த்து ஆராவது சிரிப்பார்களோ, படம் அவனுக்கு விளங்கவில்லையோ, அல்லது இத்தனை வயதுக்கும் எனக்குத்தான் அவனை விளங்கவில்லையோ. நேற்று ஒருவாறு உள்ளே போய்ச் சொன்னேன். சனத்துக்கு ஒரு ஆறுதல் வேணுமெல்லோ மாஸ்ரர், உது சாட்சியா இராதே என்றார். தன்னைப் பற்றித் தானே சொல்லுறதுதானே ஐயா சாட்சி என்றேன். சரி, சொல்லட்டும் என்றார், முகத்தில் விருப்பம் தெரியவில்லை. நேற்றிரவு முழுக்க எனக்கு நித்திரையில்லை.

ஞாயிறு ஆராதனையை இணையத்தில் போடுவார்கள், பார். பார்த்துவிட்டு, தம்பிக்கு என்ன மாதிரி என்று வழக்கம்போல என்னைக் கேளாதே பிள்ளை, அவனையே கேள். மறுமொழி சுணங்கும், பொறுத்திரு. இதில் அவன் சொன்னதாக எழுதியவற்றை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை வெட்டச் சொன்னான், வெட்டிவிட்டேன்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் நிழலில் வைத்திருப்பாராக. வெளியே போகும்போது தலையை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா
வே. கிருபைரட்ணம்