எஸ்தரின் பெருவிரலுக்காக ஒரு மெஷின்

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து மூடாக்கு. மழை இல்லை. பட்டறைக்குள் உப்புப் பிசுபிசுப்பு, இந்த நோட்டின் தாள்கூட ஒட்டுகிறது.

திரேஸ்புரம் படகுகளின் விளக்குகளுக்கு வயர் கட்டுகள் ஆர்டர். ஒரு கட்டுக்கு ஆறு இடத்தில் நைலான் டை, இழுத்தால் இறுகும் மெல்லிய பட்டை. எல்லாம் எஸ்தர் கையால்தான். வயர்களைச் சேர்த்துப் பிடித்து, டையைச் சுற்றி, நுனியை அதன் தலை ஓட்டையில் விட்டு, இழுத்து, நறுக்க வேண்டும். நாள் முழுக்க இதே. மத்தியானம் தண்ணீர்ச் செம்பை இடது கையால் தூக்கினாள்.

"பெருவிரல் மரத்துப் போவுது சார். நாளைக்குச் சரியாயிரும்."

போன வாரமும் இதையே சொன்னாள்.

டை கட்ட மெஷின் செய்கிறேன் என்று முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன். ஆர்டர் சீக்கிரம் முடியும் என்று காரணம் சொன்னேன். "செய்யிடே முருகேசா. ரிப்பேர் வேலை நிக்கப்படாது, அவ்வளவுதான்" என்றார்.

தேவை:
பழைய பிரிண்டர் மோட்டார் 2 (பரணில்)
பித்தளைத் தகடு, டை வளைந்து ஓடும் தாடைக்கு
வயர் வைத்ததும் அறிய ஒரு சென்சார்
கன்ட்ரோல் போர்டு
பிளேடு
பல்பொடி, எனக்கு

நவம்பர் 7, வியாழன்

தூறல். தாடை மூன்றாவது தடவை. மோட்டார் டையைத் தள்ளுகிறது, தாடைக்குள் அழகாக வளைகிறது, ஆனால் நுனி தலை ஓட்டையில் நுழைய மாட்டேன் என்கிறது. பத்தில் நாலு நுழைந்தது. ஆறு முட்டி மடங்கியது.

கையால் எப்படி விடுகிறாய் என்று எஸ்தரிடம் கேட்டேன். இல்லை, "விடுறீங்க" என்றுதான் கேட்டேன். இந்த நோட்டில்தான் "நீ". யோசித்ததே இல்லையாம். என் மேசைக்கு வந்து மெதுவாகச் செய்து காட்டினாள்.

"கடைசில நுனிய லேசா மேல தூக்கி விடுதேன் போல, சார்."

அரை மணி நேரம் பக்கத்தில் இருந்தாள். நாசரேத்துக்காரி. கணவர் இறந்து ஆறு வருடம், இங்கே பெண்கள் விடுதியில் தங்கி வேலை. எனக்கு நாற்பத்து நாலு வயது, இன்னும் தனி ஆள். பட்டறையில் ஆண்கள் எல்லோரையும் அண்ணாச்சி என்கிறாள், என்னை மட்டும் சார். இதை வைத்து எத்தனை யோசனை.

நவம்பர் 9, சனி

வெயில். தாடை முனையில் நகம் அளவு பித்தளை நாக்கு வைத்தேன், நுனியை மேலே தூக்க. எல்லோரும் சாப்பிடப் போனபோது ஓட்டிப் பார்த்தேன். பத்துக்குப் பத்து. இன்னொரு பத்து. அதுவும் பத்து.

பிறகு செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நாக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எஸ்தர் வந்து, "என்னாச்சு சார்?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

மெஷின் ஓடிவிட்டால் என் மேசைக்கு எதற்கு வருவாள்.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்றும் வந்து உட்கார்ந்தாள். மடங்கிய டைகளைப் பொறுக்கி எண்ணினாள். விடுதிச் சாம்பார், அம்மாவின் முழங்கால், கடற்கரையில் சிப்பி பொறுக்கிக் காலைக் கிழித்துக்கொண்டது, எல்லாம் பேசினாள். நல்ல நாள். நான் நல்லவன் இல்லை.

இன்று பதினோரு மணிக்குத் திரும்பிப் பார்த்தேன். டையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். விரல் முழுக்கப் போய்விட்டது போல.

சட்டைப் பையிலிருந்து நாக்கை எடுத்து மெஷினில் மாட்டினேன். அவளையே கூப்பிட்டு வயரை வைக்கச் சொன்னேன். ஒரு உறுமல், ஒரு இழுப்பு, டக். கட்டியாயிற்று. அண்ணாச்சி உள்ளே இருந்து ஓடி வந்து தானும் ஒன்று கட்டிப் பார்த்தார். அவர் போன பிறகு எஸ்தர் தணிந்த குரலில்:

"சனிக்கிழமையே ஓடிச்சுல்லா சார்? சாப்பிட்டுட்டு வாரப்ப சத்தம் கேட்டேன்."

மேசையில் கிடந்த மடங்கிய டைகளைப் பொறுக்கினேன். அவள் தன் இடத்துக்குப் போய் அடுத்த கட்டை எடுத்தாள்.

தெரிந்தும் நேற்று வந்து உட்கார்ந்தாள். தெரிந்தும்.

நவம்பர் 13, புதன்

பலத்த மழை. அண்ணாச்சியிடம் எஸ்தர் பேசுவது காதில் விழுந்தது. "ஊர்ல ஒரு பள்ளிக்கூட ஆபீஸ்ல வேலைக்குக் கூப்பிட்டுட்டே இருக்காங்க அண்ணாச்சி. ஆர்டர் கிடக்கேன்னு தள்ளிப் போட்டேன். இனி மெஷின் பாத்துக்கிடும்லா." சனிக்கிழமையோடு போகிறாள்.

நான்தானே செய்தேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

நவம்பர் 16, சனி

மெஷின் நாள் முழுக்க ஓடியது. ஒரு டைகூட மடங்கவில்லை. ஒன்றாவது மடங்கியிருக்கலாம்.

ஐந்து மணிக்கு எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாள். பெருவிரலை மடக்கி நிமிர்த்திக் காட்டினாள். "இப்ப நல்லா மடங்குது சார்."

"நாளைக்கு நாசரேத் பக்கம் வந்தா உங்களப் பாக்க முடியுமா?" எப்படிக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பையின் வாரைச் சரி செய்தாள். வாசலைப் பார்த்தாள்.

"ஆராதனை பத்தரைக்கு முடியும்" என்றாள்.

நவம்பர் 17, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். ஜன்னல் ஓரம், சாரல். கன்னத்தில் வெட்டுக்காயம், தாடியை அவசரமாக மழித்ததில். பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார், "நாசரேத்துல யாரு இருக்காவ?"

தெரிஞ்சவங்க என்றேன். சொந்தமா என்கிறார்.