வருணர் கேட்ட மேட்டு மனை

மஞ்சுமலை நாடாளும் வெண்கோடி நாச்சியார் யாம், எம் தமையன் மகனும் பவழக்கரை வேந்தனுமாகிய திரைமாறனுக்கு விடுத்த ஓலை. உன் குடை நிழல் குளிர்க. உன் மக்கள் வலை நிறைக. உன் கிணறுகள் உப்பாகாதிருக்க. கடைசி வாழ்த்தைக் காரணத்தோடுதான் எழுதினோம்.

"பன்னெண்டு வருசமா நான்தான் வருணன். எனக்குத் தெரியாத கடலா?" என்று வருணன் வேடம் கட்டும் கூத்தர் செங்கழுநீரார் உன் அவையில் தொண்டை கிழியக் கத்தினாராமே! உன் ஊர் உப்பு வணிகர்கள் கேட்காமலே சொல்வார்கள், கேட்டால் இன்னும் சொல்வார்கள், யாம் கேட்டோம்.

பொற்சலங்கைப் பரிசு பெற்ற கூத்தர் அவையில் எப்பொருள் பற்றியும் பேசலாம் என்பது எம் தந்தையார் வைத்த வழக்கமே. அக்காலத்துக் கூத்தர்கள் கூத்தைப் பற்றி மட்டும் பேசியதால் தீங்கில்லாது போயிற்று. நீரளக்கும் பூங்காவியோ, முகத்துவாரத்துக் கல்தூணில் முப்பது ஆண்டாகப் பௌர்ணமிதோறும் அலையேறிய உயரத்தைக் கீறி வைத்தவள். கடல் ஒரு முழம் ஏறிவிட்டது, ஐப்பசிப் புயலுக்குமுன் கரையை உயர்த்தாவிடில் கடலோரத்து நெய்தற்குடி நில்லாது என்றாள். கடலாவது ஏறுவதாவது என்று கூத்தர் சிரித்தாராம். அவளும் விடவில்லை: "வேசத்தக் கலைச்சிட்டு வந்து அந்தத் தூண் பக்கத்துல நில்லுங்கய்யா. அலை உங்களுக்கு அடங்குதான்னு பாத்துருவோம்."

உன் அமைச்சர் மூவர் எழுந்து ஆர்ப்பரித்தது கூத்தருக்கே. மேனியழகுக்கா, வாதத்துக்கா என்று உப்பு வணிகருக்கும் விளங்கவில்லை. கரைக்கு வெட்டிய கல்லெல்லாம் இப்போது அவருக்கு அரங்கமாகிறது. பூங்காவிக்கு அவை நுழையத் தடை. உனக்கு எத்தனை முறை சொல்வது என்று எமக்கே அலுத்துவிட்டது, மருமகனே.

இனி நீ அறியாத சேதி. ஆடி மாதம் உன் வருணர் எமக்கொரு விண்ணப்பம் எழுதினார். எம் களஞ்சியத் தலைவர் மகளை மணக்கவிருப்பதாகவும், மனை ஒன்று வேண்டுமென்றும், அது எந்த வெள்ளமும் எட்டாத உயரத்தில் அமைய வேண்டுமென்றும் அதில் கேட்டிருந்தார். பெண்ணுக்குக் குளிர்காற்று பிடிக்கும் என்பது அவர் காட்டிய காரணம். அவளை யாம் அறிவோம். ஆவணியிலேயே கம்பளி போர்த்துபவள்.

அவர் கைப்பட எழுதிய அவ்வோலையை இதனோடு கட்டியிருக்கிறோம். ஆர்ப்பரித்த மூவர் முன்னே பூங்காவியைக் கொண்டே அதை உரக்க வாசிக்கச் செய்க. அரங்கக் கல்லை மறுநாளே கரைக்குத் திருப்புக. இது அத்தையின் ஆணை. அரசியின் ஆணையாகக் கொள்ளினும் தடையில்லை. எம் கைச்சாத்தும் மலைமுத்திரையும் இட்டோம்.

முத்திரை காயுமுன் ஒரு சொல். திருமணம் சிறப்பாக முடிந்தது, யாமும் சென்று உண்டோம். மணமக்கள் பதினொரு வண்டிச் சாமானோடு மேட்டு மனைக்குக் குடியேறிவிட்டார்கள். நெய்தற்குடியின் தொள்ளாயிரம் குடும்பமும் கூத்தர் சொல்லை நம்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது.