அண்ணி வாங்கிய சுரங்கப் பங்கு

என் அன்பு அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம் இது. அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்: நாங்கள் நலம். அண்ணனுக்கு முழங்கால் வலி மட்டும் குறையவில்லை. உங்கள் பெண் மலர் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியும் அவள் கோபப்பட்டால் உங்கள் குரல்தான் வருகிறது.

உங்களிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு வருடத்துக்கு முன், உங்கள் பிறந்த வீட்டு மனையை விற்றதில் வந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சுரங்கக் கம்பெனியின் பங்கை வாங்கலாமா என்று என்னைக் கேட்டீர்கள். நான் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள். கணக்குப் போட்டுப் பார்த்து, "வாங்கலாம் அண்ணி" என்றேன். அந்தக் கணக்கு தவறு. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். போன வாரம் அண்ணன் போன் செய்தார்.

"செல்வி, நெலத்தைக் குடுத்துடலாம்னு இருக்கேன். சீர்காழிக்காரர் ஒருத்தர் கேக்குறாரு. அடுத்த வாரம் வெள்ளிக்கெழம அக்ரிமெண்ட்."

"ஏண்ணே, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. சம்பா அறுக்கற நேரத்துல மழை பேஞ்சு மொத்தமும் சாஞ்சு போச்சு, தெரியும்ல. காலும் வரப்புல நிக்க மாட்டேங்குது. பணத்தை வாங்கி உங்க அண்ணி வாங்குன ஷேரையே இன்னும் வாங்கிப் போட்டுடறேன். மேட்டூர் தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன?"

எந்த நிலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் இரண்டு வீட்டிலும் முந்தின தலைமுறை அடுத்தவர் வயலில் நாற்று நட்டது. நீங்களும் அண்ணனும் சேர்ந்து வாங்கிய அந்த ஒரு ஏக்கர்தான் நம் பெயரில் பதிவான முதல் நிலம். ஆனால் நிலத்தைப் போலவே உங்கள் பங்கும் அண்ணனை இழுக்கிறது, அண்ணி. ஒவ்வொரு வருடமும் உங்கள் பங்குக்கான டிவிடெண்ட் வங்கியில் ஏறியதும் போனில் செய்தி வருகிறது. அவர் எனக்குப் போன் செய்து, "உங்க அண்ணிக்குச் சம்பளம் வந்துருச்சு" என்பார். முதல் தடவை சிரித்தேன். அடுத்த தடவை சிரிக்கவில்லை.

மலரைக் கேட்டேன். "அப்பா இஷ்டம் அத்தை. ஆனா நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றாள். அந்தக் கம்பெனியின் பத்து வருட ஆண்டறிக்கைகளை இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன்.

அன்று நான் முழுக்கவும் தவறு செய்யவில்லை, அண்ணி. கம்பெனி சொல்கிற லாபத்தை நான் நம்பவில்லை. தொழிலில் உண்மையில் வந்த பணத்தை எடுத்து, லாரி, இயந்திரம், புதிய குழி திறக்கும் செலவு எல்லாவற்றையும் கழித்து, கடைசியில் கையில் நிற்கும் காசை மட்டும்தான் பார்த்தேன். விதை, உரம், நடவுக் கூலி, மோட்டார் ரிப்பேர் எல்லாம் போக வீட்டுக்கு வருவது எவ்வளவு என்று நீங்கள் பார்ப்பீர்களே, அதே மாதிரி. அதுவரை சரி. அந்தக் காசு வருடா வருடம் கூடிக்கொண்டு வந்தது. கூடியது எதனால் என்று நான் பார்க்கவில்லை. வெட்டியெடுத்த தாது கூடவேயில்லை. ஊரில் எல்லா விலையும் ஏறியது போலத் தாதுவின் விலையும் ஏறியிருந்தது, அவ்வளவுதான். அந்த ஏற்றத்தை வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டு, இனி என்றென்றைக்கும் இப்படியே கூடும் என்று வரைபடத்தில் கோட்டை நீட்டிவிட்டேன்.

ஞாயிறு காலை பஸ் பிடித்துத் திருவிடைமருதூரில் இறங்கி வீட்டுக்குப் போனேன். அண்ணன் மீன் வாங்கி வைத்திருந்தார். சமைத்ததும் அவர்தான். உப்பு கொஞ்சம் தூக்கல்.

நான் லேப்டாப்பைத் திறந்ததும் கேலி ஆரம்பமானது.

"வாத்தியாரம்மா பேப்பர் திருத்த வந்துட்டாங்க. எனக்கு எத்தனை மார்க்கு?"

"மார்க்கு எனக்குத்தாண்ணே போடணும். கொஞ்சம் கேளு."

விலைவாசிக் குறியீட்டை வைத்துப் பழைய வருடங்களின் காசை இன்றைய காசாக மாற்றியிருப்பதைக் காட்டினேன். வகுப்பில் அரை மணி நேரத்தில் புரியவைத்துவிடுவேன். அண்ணன் ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விட்டார்.

"குறியீடு கிறியீடுன்னு சொன்னா எனக்கு எங்க புரியும்? உங்க அண்ணிகிட்ட இதச் சொல்லியிருந்தா, அது எத்தனை மூட்டைன்னு ஒரே கேள்வியா கேட்டுருப்பா."

நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். ஏன் என்று அப்போது அவரிடம் சொல்லவில்லை.

"சரிண்ணே. மூட்டையிலயே பாப்போம்" என்றேன்.

நெல் கொள்முதல் நிலையத்தில் எத்தனை வருடம் பில் எழுதினீர்கள்! உங்களோடு வாழ்ந்ததில் அண்ணனுக்கும் வருடா வருடம் நெல்லுக்கு என்ன விலை போட்டார்கள் என்பது மனப்பாடம். நான் வருடத்தைச் சொல்வேன், அவர் விலையைச் சொல்வார். கம்பெனி கையில் நிற்கும் காசில் உங்கள் பங்குகளுக்குச் சேர வேண்டியதை அந்த விலையால் வகுப்பேன். நம் ஊர் அறுபது கிலோ மூட்டைதான் அளவு. காலண்டர் தாளின் பின்பக்கம் அவரே எழுதிக்கொண்டு வந்தார்.

நீங்கள் வாங்கிய வருடம் இருபத்திரண்டு மூட்டை. நடுவில் தாது விலை எகிறிய ஒரு வருடம் இருபத்தாறு. அதற்கடுத்த வருடம் சரிந்தது. போன வருடம் பதினேழு.

அண்ணன் பேனாவை வைத்துவிட்டார். "கம்பெனி வளந்துருக்குன்னு டிவில சொன்னானே?"

"ரூவா வளந்துருக்குண்ணே. மூட்டை வளரல."

ஏன் குறைகிறது என்று கேட்டார். அறிக்கையில் இருந்ததைச் சொன்னேன். முன்பு ஒரு டன் தாது எடுக்க இரண்டு டன் மேல்மண்ணை அள்ளினார்கள், இப்போது நான்கு டன் அள்ள வேண்டியிருக்கிறது. குழி ஆழமாகிவிட்டது. லாரி மேலே ஏறிவர டீசல் அதிகம் குடிக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது. கம்பெனியே எழுதியிருக்கிறது, இந்த வேகத்தில் வெட்டினால் கையிலுள்ள தாது இன்னும் பதின்மூன்று வருடத்துக்கு வரும் என்று.

"அப்புறம்?"

"அப்புறம் வெறும் குழிதாண்ணே."

"ஒரு வருசம் சும்மா போட்டு வச்சா?"

பாதி கேலியாகத்தான் கேட்டார். பாதி கேலி இல்லை. ஒரு போகம் சாய்ந்தால் அடுத்த போகம் உண்டு, ஒரு வருடம் தரிசாகக் கிடந்தால் மறு வருடம் மண் தெம்பாக இருக்கும் என்றுதான் நமக்குத் தெரியும். எடுத்தது எடுத்ததோடு போய்விடும் ஒரு சொத்தை நாம் பார்த்ததில்லை. பட்டம் வாங்கிய நானும்கூட அந்தச் சுரங்கத்தை நம் வயல் மாதிரிதானே நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்? கோட்டை நீட்டும்போது அது எங்கே முடியும் என்று என் கை நிற்கவே இல்லையே.

அண்ணன் கேட்டார். "அப்ப பதிமூணு வருசந்தான் அவ அனுப்புவாளா?"

நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சக் கணக்கையும் போட்டோம். எடுக்க எடுக்கச் செலவு கூடுவதால் வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பதின்மூன்று வருடத்து மூட்டைகளை வரிசையாக எழுதினோம். பத்து வருடம் கழித்து வரப்போகும் மூட்டையும் இன்று வீட்டில் இருக்கும் மூட்டையும் ஒன்றில்லை. அதனால் தூரத்து மூட்டைகளுக்கு மதிப்பைக் குறைத்தோம். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு மூட்டை வந்தது. சந்தையில் இன்று உங்கள் பங்குகளுக்குத் தரும் விலையோ நூற்று எண்பது மூட்டை. தாது விலை திடீரென்று ஏறினால் என் கணக்கு பொய்த்துப் போகும், அதையும் சொன்னேன். ஆனால் ஏறும் என்று நம்பி அந்த ஒரு ஏக்கரைப் பணயம் வைக்க முடியாது.

அண்ணன் லேசுப்பட்டவர் இல்லை, உங்களுக்குத் தெரியாததா?

"எல்லாம் சரி. இதே கணக்க நம்ம வயலுக்கும் போடு பாப்போம்."

போட்டேன். குறுவையும் சம்பாவும் சேர்த்து, செலவு போகப் பதினைந்து மூட்டை நின்றால் நல்ல வருடம். சீர்காழிக்காரர் தரும் விலை ஆயிரத்து இருநூறு மூட்டை. வருடம் பதினைந்து மூட்டைக்காக யாரும் அந்த விலை தருவதில்லை. அவர் வாங்குவது மனை போட.

"பாத்தியா? உன் கணக்கே விக்கச் சொல்லுது."

"ஆமாண்ணே. விக்கறதும் வச்சுக்கறதும் உன் இஷ்டம், அதுல நான் தலையிடல. வித்த பணத்தை அந்தக் குழியில கொண்டுபோயிப் போடாதேன்னுதான் சொல்றேன். நூத்து எம்பதுக்கு நூத்துப் பன்னண்டுங்கற அதே விகிதத்துல, ஆயிரத்து இருநூறு மூட்டையக் குடுத்து, எழுநூத்தம்பது மூட்டைதான் பெறும்னு தெரிஞ்சத வாங்கறதா?"

அவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

"ஐயா, வெள்ளிக்கெழம வேண்டாங்க. இல்லீங்க, வெலைக்காக இல்லீங்க. வித்த பணத்த எங்க வைக்கறதுன்னு தெரியாம விக்கக் கூடாது பாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, "மனுசன் நல்ல மாதிரிதான்" என்றார்.

உங்கள் பங்குகளைப் பற்றிப் பேசத்தான் எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் விட்டுப்போனதை விற்கச் சொல்ல நான் யார்? ஆனால் இல்லாத அண்ணிக்காக இருக்கிற அண்ணனிடம் ஒரு எண்ணை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. விலை நன்றாக இருக்கும்போதே விற்றுவிடலாம் என்று சொன்னேன். நீங்கள் வாங்கும்போது நூற்றைம்பது மூட்டை கொடுத்தீர்கள், இப்போது விற்றால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. அது என் சாமர்த்தியம் இல்லை, அண்ணி. சந்தையும் என்னை மாதிரியே கோட்டை நீட்டிக்கொண்டு போகிறது போலிருக்கிறது.

"வித்துடு" என்றார். உடனே, "பத்து ஷேர் மட்டும் கெடக்கட்டும். அதுக்குக் கணக்குப் போடாத" என்றார்.

"போடலண்ணே" என்றேன்.

பஸ் ஏற்றிவிட வந்தார். கால் வலியோடு வர வேண்டாம் என்றால் கேட்கவில்லை. நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் என் தப்பின் மிச்சத்தையும் அவரிடம் சொன்னேன்.

அன்று நீங்கள் மூட்டையில் கேட்டீர்கள், அண்ணி. அண்ணனுக்கு அது தெரியாது. நான் கொள்முதல் நிலையத்துக்கே உங்களைத் தேடி வந்திருந்தேன். தாளை நீட்டினேன். நீங்கள் பில் புத்தகத்தை மூடிவிட்டு, எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். "இது அப்ப எத்தனை மூட்டை, இப்ப எத்தனை மூட்டை, செல்வி?" என்றீர்கள். நான் சிரித்தேன். "அய்யோ அண்ணி, ஷேருக்கெல்லாம் மூட்டைக் கணக்குக் கெடையாது" என்றேன். பக்கத்தில் நெல்லின் ஈரப்பதம் பார்க்க நின்றிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நீங்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வகுத்தலை நான் அங்கேயே செய்திருந்தால், அதுவரை வந்த வருடங்களில் மூட்டை கூடவில்லை என்று இருவருக்குமே தெரிந்திருக்கும். படித்த எனக்கு வராத கேள்வி உங்களுக்கு வந்தது. நான் சிரித்து உங்கள் வாயை அடைத்துவிட்டேன்.

அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"உங்க அண்ணியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார். "வாங்கணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் உன்னய வந்து கேட்டா. நீ வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பா. இந்த வீட்டுல யாரு பேச்ச அவ கேட்டா?"

பஸ் வந்துவிட்டது. அவர் சொன்னது உண்மையா, எனக்காகச் சொன்னதா? உங்களைத் தவிர அதைச் சொல்ல யாரும் இல்லை. நீங்கள் சிரித்தபோது உங்களுக்கு வலித்ததா, அண்ணி? அதையும் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். அண்ணன் நிலத்தை விற்றாலும் வைத்துக்கொண்டாலும், எந்த முடிவுக்கும் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைக் கடைசிவரை போடுவேன், முடியும் இடம் எதுவென்று சேர்த்துச் சொல்வேன். மலர் கேட்டாலும் அப்படியே. என் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று, இதைப் பவுனில் சொல்லுங்கள், பால் லிட்டரில் சொல்லுங்கள் என்று கேட்டால், அவள் கேட்ட அளவிலேயே போட்டுக் காட்டுவேன். சிரிக்க மாட்டேன்.

உங்களிடம் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளத் தாமதமான,
உங்கள் நாத்தனார்
செல்வி