பெயின்ட் அடிக்காத ஒரு முழம்

என் அன்புள்ள ரூத் அக்கா,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. லண்டனில், எங்கள் குட்மேய்ஸில் எல்லாரும் சுகம். உங்கள் வீட்டை வாங்கியவர்கள் நல்ல சனம்தான். குப்பைத் தொட்டியை மட்டும் எங்கள் வாசலில் தள்ளி வைக்கிறார்கள். நீங்கள் என்றால் ஒரே பேச்சில் சரிப்படுத்தியிருப்பீர்கள். நான் சிரித்துக்கொண்டு நகர்த்தி வைக்கிறேன்.

இந்த வாரம் எங்கள் வாசல் நடைக்குத் திரும்பவும் பெயின்ட் அடிக்கிறோம். அதனால்தான் எழுதுகிறேன். அந்தப் பழைய கூத்தை உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் உங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தபோது சிவம் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அவர் கட்டிய வீடு ஷெல் விழுந்து போனது. அதற்குள் இருந்த அவருடைய தம்பியும் போனார். அதற்குப் பிறகு என் மனிசன் வேலைக்குப் போவார், வருவார், கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருப்பார். ஜன்னலுக்குத் திரை போடக்கூட விடவில்லை. "விடும் தவம், இது ஆற்றையோ வீடு. எங்கட வீடு போயிட்டுது" என்பார். முன்பு இருந்தவர்கள் பாதி கிழித்து விட்டுப்போன சுவர்க் கடதாசி இரண்டு வருஷம் அப்படியே தொங்கியது.

கண்ணுக்கு முன்னால் ஒரு மனிசனை இழந்துகொண்டிருந்தேன், அக்கா. அதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். நீங்கள் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணி குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எங்கள் பாத்திரங்களில் சாப்பிட உங்கள் யூத சமயம் விடாது, கண்ணாடி என்றால் பரவாயில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தீர்கள். அந்தக் கிளாஸ் இன்னும் உங்களுக்கென்றே அலுமாரித் தட்டில் இருக்கிறது.

பிறகு உங்கள் ஆட்களின் அந்தப் பாஸ்காப் பெருநாள் வந்தது. பெருநாளுக்கு முன் வீட்டைத் துப்புரவாக்கி, நடைக்குப் பெயின்ட் அடிக்க ஏறி, ஏணியிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டீர்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த பகலில், உங்களைச் சந்தோஷப்படுத்தலாம் என்று மிச்சச் சுவரை நான் அடித்து முடித்தேன். வாசலுக்கு நேர் எதிரே, வெறும் பூச்சு தெரிய ஒரு பெரிய சதுரம் இருந்தது. யாரோ சோம்பேறி விட்டுப்போன வேலை என்று நினைத்து, அதற்கு மட்டும் இரண்டு தரம் அடித்தேன். என்ன கெட்டிக்காரி நான்!

கட்டுப்போட்ட கையோடு வந்து பார்த்தீர்கள். அப்படியே படிக்கட்டில் இருந்துவிட்டீர்கள். நீங்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இப்போது நினைக்கும்போது எனக்கு எல்லாம் எங்கள் தமிழிலேயே கேட்கிறது. "ஐயோ தவம், என்ன செய்துபோட்டீர்!"

அந்தச் சதுரம் உங்கள் கணவர், தான் சாவதற்கு முன், முழங்கையிலிருந்து விரல்நுனி வரை தன் கையால் அளந்து வெறுமையாக விட்டது என்று அப்போதுதான் சொன்னீர்கள். ஜெருசலேமில் உங்கள் கோயில் இடிந்ததை மறக்காமலிருக்க, உங்கள் ஆட்கள் வீட்டில் ஒரு முழச் சுவரை முடிக்காமல் விடுவார்களாம். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. நீங்களோ என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினீர்கள். ஈரம் காயுமுன் நீங்கள் இடது கையாலும் நான் இரண்டு கையாலும் சுரண்டினோம்.

சுரண்டிக்கொண்டே சொன்னீர்கள்: "மறந்துபோங்கோ எண்டு ஒருத்தருக்கும் சொல்லேலாது, தவம். ஆனா துக்கத்துக்கு ஒரு முழம்தான். மிச்சச் சுவர் உயிரோட இருக்கிற ஆக்களுக்கு. அதுக்கு வடிவா பெயின்ட் அடிக்கோணும்."

யூதர்களைக் கொன்ற அந்த யுத்தத்தில், போலந்தில் உங்கள் தாயின் சொந்தத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களும் அந்தச் சதுரத்துக்குள்தான் இருந்தார்களா? நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து சிவத்திடம் நடந்ததைச் சொன்னேன். கதிரையில் இருந்தபடியே தொங்கிய கடதாசியைப் பார்த்தார். பிறகு கேட்டார், "ஆற்றை முழம்? ஆற்றை கையால அளக்கிறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தொங்கிய கடதாசியை எல்லாம் உரித்தார். பென்சிலை எடுத்து, வாசலுக்கு எதிர்ச் சுவரில் முழங்கையை வைத்தார். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. "இஞ்சருங்கோ, உங்கட கை நல்ல நீளம். துக்கம் கூடிப்போகும். என்ர கையால அளவுங்கோ" என்றேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த மனிசன் வாய்விட்டுச் சிரித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் உங்களுக்கும் கேட்டதாமே!

என் கையால்தான் அளந்தோம். மிச்சமெல்லாம் மஞ்சள். அவரே தெரிந்தெடுத்த நிறம்.

மனோர் பார்க் கோயிலில் யாராவது மனம் விட்டுப்போய் நிற்கக் கண்டால், சிவம் இப்போது அவர்களை வீட்டுக்குக் கூட்டி வருகிறார். சாப்பாடு போட்டு, சதுரத்தைக் காட்டி, உங்கள் கதையைச் சொல்கிறார். இன்னும் மூன்று தமிழ் வீடுகளில் ஒரு முழம் வெறுமையாக இருக்கிறது. கோயில் ஐயருக்குத் தெரியாது.

ஆனால் உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நீங்கள் போன பிறகு கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தது நான். நேற்று பழைய மஞ்சளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன், "ரூத் அக்காவுக்கும் ஒரு முழம் விடுவம்." சிவம் பென்சிலை எடுத்துத் தரவில்லை.

"வேண்டாம், தவம். அவவும் இதுக்குள்ளயே இருக்கட்டும். என்ர தம்பிக்குப் பக்கத்தில."

அழுதேன். அழுது முடிய, பிரஷைக் கையில் தந்தார்.

நாளைக்கு இரண்டாம் தரம் அடிக்க வேண்டும், அக்கா. சதுரத்தின் ஓரம் என் பொறுப்பு. இந்த முறை ஒரு சொட்டும் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்வேன்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும்,
உங்கள் தங்கச்சி
தவமணி