ஊரைப் பார்த்துப் பேசிய இங்கிலீஷ்

அக்டோபர் 6, திங்கள்

பூஜை விடுமுறைக் கூட்டம் இன்னும் வடியவில்லை. லாட்ஜ் வரவேற்பு மேசையில் இன்று நான் பேசிய இங்கிலீஷ் நாலு வகை. ஆந்திராக்காரருக்கு 'கீயு, ரூமு'. பீகார்க்காரருக்கு 'இஸ்டேஷன்'. கேரளத்துக்காரருக்கு 'ஓட்டோ'. கொல்கத்தாக்காரர் வாயில் 'வ' வராது. அவருக்கு 'சீ வியூ' ரூம் 'ஷீ பியூ ரூம்', 'வெரி நைஸ்' 'பெரி நைஸ்'. அவரவர் வாயில் வருகிறபடியே சொல்லிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். எங்கள் ஊர் சிக்கல் பக்கம் ரூமை 'ரூம்பு' என்போம். அதை மட்டும் இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

அக்டோபர் 8

214-ஆம் ரூமுக்கு ஒரு மேடம் வந்தார். அடையாள அட்டையில் கொல்கத்தா என்று பார்த்ததும் 'பெரி நைஸ்' என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அவர் பேசிய இங்கிலீஷோ, டிவியில் செய்தி வாசிப்பது மாதிரி.

சாயங்காலம் மேனேஜர் தர்மராஜ் கூப்பிட்டார். "கெஸ்ட்டைக் கேலி பண்றியாம்மா? கம்ப்ளைண்ட் வந்திருக்கு."

கேலியா?

நாளையிலிருந்து எனக்குத் துண்டு, போர்வை கொடுக்கும் அறை. மறுபடி மேசையா, இல்லையா என்று மாதக் கடைசியில் சொல்வாராம்.

அக்டோபர் 9

துண்டு மடித்தேன்.

அக்டோபர் 10

ஆத்திரமாத்தான் வருது. இத்தன வருசமா ஒருத்தரு ஒரு சொல்லு சொன்னதில்ல. மரியாதைக்குப் பேசுனது கேலியாப் போச்சா?

ரூம் சர்வீஸ் இமானுவேல் அண்ணன் தங்கச்சிமடத்துக்காரர். "விடும்மா, காத்து ஒரே பக்கமாவா அடிக்கும்?" என்றார். அடிக்கிறதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

அக்டோபர் 11

214 மேடத்தின் அம்மா ரயிலில் வந்து சேர்ந்தார். லிஃப்ட் பக்கத்தில் என்னைப் பார்த்துச் சிரித்து, "பெரி ஹாட்" என்றார்.

"வெரி, மா" என்றார் மகள்.

அப்புறம் அம்மா பேசவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலும் வெறும் தலையாட்டல். அப்படியானால் மேடத்தின் கோபம் என் மேல் மட்டும் இல்லை.

அக்டோபர் 12

காலையில் மேடம் தனியாகத் துண்டு வாங்க வந்தார். வாங்கியும் போகவில்லை. கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடத்தான் அம்மா இவ்வளவு தூரம் வந்தாராம். இப்போது ரூமை விட்டு வர மாட்டேன் என்கிறாராம், மகளிடம் வாயே திறப்பதில்லையாம்.

"அன்றைக்கு என்னிடம் பேசினீர்களே, அதே மாதிரி அவரிடம் பேச முடியுமா?" என்று கேட்டார்.

ஒரு நொடி வீம்பாக நின்றேன். அப்புறம் போனேன். "தீர்த்தம் பெரி நைஸ், மா" என்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தவர், கோயில் வாசல் வரை நிறுத்தவில்லை. மகள் பின்னால் நடந்து வந்தார். எதையும் திருத்தவில்லை.

அக்டோபர் 15

மேசைக்கு வந்துவிட்டேன். "அந்த மேடம் சொல்லிட்டுப் போனாங்க" என்றார் மேனேஜர், அவ்வளவுதான்.

இப்போது அட்டையில் ஊரைப் பார்த்துப் பேசுவதில்லை. 'குட் மார்னிங்' சொல்லிவிட்டு, வந்தவர் வாய் திறக்கிற வரை சும்மா இருக்கிறேன்.

மத்தியானம் எங்கள் ஊரை ஒட்டிய கடலாடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் மேசையைத் தொட்டும் தொடாமலும் நின்று, "ரூம்பு இருக்காம்மா?" என்றார்.

"இருக்குய்யா. மேல நல்ல ரூம்பா இருக்கு" என்றேன்.

மேனேஜர் பக்கத்தில்தான் நின்றார்.