வயிற்றில் ஒரு மயில்

பினாங்கிலிருக்கும் என் அத்தானுக்கு,

பெரிய பேரன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகிவிட்டான். பேத்தி ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து டிபன் பாக்ஸ் வாங்கி வந்தாள். கடைக்குட்டி பிடிக்காமலே நடக்கிறான். உங்கள் வாரிசுகள், சும்மாவா!

என் சேதியும் ஒன்று உண்டு. தையில் நீங்கள் ஊரோடு வந்துவிடப் போவதாக எழுதியதும் சந்தோஷத்தோடு கூச்சமும் வந்துவிட்டது. ஐந்து பிள்ளை சுமந்த வயிற்றில் வெள்ளை வெள்ளையாக வரி ஓடுகிறதே, அதை உங்களிடமிருந்துகூட முந்தானையால் மறைத்துக்கொண்டுதானே இருந்தேன்? போன வாரம் சாக்கோட்டையிலிருந்து பச்சை குத்தும் குறத்தி வந்தாள். உள்ளறைக்குக் கூட்டிப்போய், வரிகளுக்கு மேலே என் வீட்டுக்காரர் பேரைக் குத்தச் சொன்னேன்.

"ஐயா பேரு என்ன தாயீ?" என்றாள்.

அதை நான் எப்படி வாயால் சொல்வேன்? சுவரிலிருந்த முருகன் காலண்டரைக் கைகாட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன்.

எழுந்து பார்த்தால் மயில்! அத்தனை வரியும் தோகையாக விரிந்து நிற்கிறது.

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏன் அத்தே, வாகனம் வந்துருச்சு, சாமி எங்க?"

"தையில வருவாக, போடி!" என்றேன். எரிச்சலோடு எனக்கும் சிரிப்பு. இப்போது குளிக்கும்போதெல்லாம் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டிலிருக்கும் போட்டோவில் உங்கள் மீசை கருகருவென்று இருக்கிறது. இப்போதைய முகத்தோடு புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடுங்கள். மயிலுக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டாமா?

இப்படிக்கு,
தை பிறக்கக் காத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி